அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் எதற்கு? நொதித் தடுப்பான்கள் வேலை செய்யும் விதமும் தோற்கும் இடமும்

மருந்துக்கடையில் ‘625’ என்று கேட்டு வாங்கும் மாத்திரையில் அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் ஏன் சேர்ந்திருக்கிறது, அது கிருமியின் நொதியை எப்படி முடக்குகிறது, அப்படி முடக்கும் மருந்துகள் இத்தனை வந்தபிறகும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘என்டிஎம்’ என்ற நொதியின் பெயர் வந்தால் மருத்துவர்கள் ஏன் கையைப் பிசைகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளாவுலானிக் அமிலத்தைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலான கிருமிகளுக்கு ஒன்றும் ஆகாது. அமாக்சிசிலின் மேல் விழவேண்டிய அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அடிப்பவர் யார், எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அது நிற்பதும் விழுவதும். எந்த நொதி, எவ்வளவு நொதி என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை விட்டுவிட்டால் ‘பவர் கூடின ஆன்டிபயாடிக்’ என்ற தவறான எண்ணத்தில்தான் போய் நிற்போம்.

முதலில் பெனிசிலின் எப்படிக் கொல்கிறது என்று பார்க்கவேண்டும். பாக்டீரியாவின் செல்சுவர் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வலை. அந்தச் சங்கிலிகளுக்குக் குறுக்கே சிறிய புரதத் துண்டுகளால் முடிச்சுப் போட்டால்தான் சுவர் உறுதியாக நிற்கும். முடிச்சுப் போடுகிற நொதிகளுக்குப் ‘பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள்’ என்று பெயர். அவை பிடிக்கவேண்டிய நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். பெனிசிலினின் வடிவம் அந்த நுனியைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து பெனிசிலினைப் பிடிக்கிறது. பெனிசிலினின் நடுவே இருப்பது மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த நான்குமூலை வளையம், அதாவது பீட்டா-லாக்டாம் வளையம். வளைத்துக் கட்டிய மூங்கில்போல அதில் இறுக்கம் அதிகம். நொதியிலுள்ள செரின் என்ற அமினோ அமிலம் தொட்டதும் வளையம் திறந்து அந்தச் செரினோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. மணிக்கணக்கில் விடுபடாது. முடிச்சுப் போடும் வேலை நின்றுபோக, வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியின் சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது.

கிருமி பெனிசிலினை உடைக்க வைத்திருக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியும் முதல் அடியை இதேபோலத்தான் எடுத்துவைக்கிறது. அதன் செரினும் வளையத்தைத் திறந்து பெனிசிலினோடு ஒட்டிக்கொள்ளும். வேறுபாடு இரண்டாவது அடியில். இவற்றில் ‘ஏ’ வகை (வகைகளைப் பின்னால் பார்ப்போம்) நொதிகளில், அமினோ அமில வரிசையின் 70-ஆம் இடத்துச் செரினுக்குப் பக்கத்தில், 166-ஆம் இடத்துக் குளுட்டமிக் அமிலம் ஒரே ஒரு நீர் மூலக்கூறைச் சரியான கோணத்தில் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நீர் ஒட்டிய பிணைப்பை வெட்டிவிடும். உடைந்த பெனிசிலின் வெளியே போகும், நொதி அடுத்ததற்குத் தயாராகும். இந்த வகையைச் சேர்ந்த டிஇஎம்-1 என்ற நொதி ஒன்று நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனிசிலின் மூலக்கூறுகளை இப்படி உடைக்கக்கூடியது. ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் இந்த நொதி உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடைப்பட்ட குறுகிய இடத்தில் அடைந்துகிடக்கிறது. வெளிச்சவ்வில் உள்ள ‘போரின்’ என்ற புரதத் துளை வழியே சொட்டுச்சொட்டாக வரும் மருந்தை வாசலிலேயே தீர்த்துக்கட்ட அதுவே போதும். ஆபிரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதியைப் பற்றி எழுதியது 1940-இல். அதாவது பெனிசிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இந்த எதிர்ப்பு கண்ணில் பட்டுவிட்டது.

கிளாவுலானிக் அமிலம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1970-களில் பீச்சம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கண்டுபிடித்து, 1981-இல் அமாக்சிசிலினோடு சேர்த்துப் பிரிட்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உருவத்தில் பெனிசிலினின் உறவுக்காரன்தான். ஆனால் கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, பெனிசிலினின் பக்கச் சங்கிலி இல்லை. இந்த இரண்டு மாற்றங்களில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது.

நொதி அதைப் பெனிசிலின் என்று நினைத்துப் பிடிக்கிறது, செரின் பீட்டா-லாக்டாம் வளையத்தைத் திறக்கிறது. இதுவரை வழக்கமான கதைதான். ஆனால் அந்த வளையம் திறந்ததும், ஆக்சிஜன் இருக்கும் பக்கத்து வளையமும் தானாகப் பிரிந்துவிடுகிறது. இதனால் மூலக்கூறு ஒரு இமைனாக மாறி, அங்கிருந்து ஈனமைன் என்ற நிலைக்குப் போகிறது. ஈனமைனில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்து, செரினோடு ஒட்டிய இடத்தை நீருக்கு மசியாததாக ஆக்கிவிடுகின்றன. நீர் பக்கத்திலேயே காத்திருந்தாலும் வெட்டமுடியாது. சில மூலக்கூறுகள் இதற்கு மேலும் ஒரு படி போகும். அவை 130-ஆம் இடத்துச் செரினையும் பிடித்து, இரண்டு செரின்களையும் சேர்த்துக் கட்டிவிடும். அதன்பின் அந்த நொதி எழுந்திருப்பதில்லை. நொதி தன் வழக்கமான வேலையைச் செய்யப்போய், அந்த வேலையாலேயே முடங்குகிறது. இதனால்தான் இவற்றைத் ‘தற்கொலைத் தடுப்பான்’ என்கிறார்கள்.

எல்லா முறையும் இது ஒரே தடவையில் நடந்துவிடுவதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸின் பெனிசிலினேஸை முடக்க ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று போதும். டிஇஎம்-1 அப்படியில்லை. அதில் ஒரு நொதி நிரந்தரமாக முடங்குவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிளாவுலானிக் மூலக்கூறுகளை உடைத்துவிடும். ஆக ஒவ்வொரு நொதிக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தடுப்பான் கொடுத்தாகவேண்டும். டிஇஎம்-1 ஜீனின் முன்னால் இருக்கும் தொடக்கப்பகுதி மாறியோ, ஜீனின் நகல்கள் பெருகியோ கிருமி நொதியைக் குவித்துவிட்டால் இந்த விலை கட்டுப்படியாகாது. நொதி பழையதுதான், தடுப்பானுக்கு நன்றாகவே பணிகிற நொதிதான். இருந்தும் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் தோற்றுப்போகிறது. மருந்து ‘பழகிவிட்டது’ என்று மக்கள் சொல்கிற பல சந்தர்ப்பங்களில் உண்மையில் நடந்திருப்பது இந்தக் கணக்குப் பிசகுதான்.

கிருமிக்கு இன்னொரு வழியும் உண்டு. நொதியின் 69-ஆம் இடத்து மெத்தியோனினோ, 244-ஆம் இடத்து ஆர்ஜினினோ, 130-ஆம் இடத்துச் செரினோ மாறினால் தடுப்பானின் பிடி தளர்ந்துவிடுகிறது. இவை ‘தடுப்பானுக்கு மசியாத டிஇஎம்’ நொதிகள்.

சல்பாக்டாமும் டாசோபாக்டாமும் இதே வழியில் வேலை செய்கிற, ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகள். இரண்டிலும் பெனிசிலினின் கந்தகத்தோடு இரண்டு ஆக்சிஜன்கள் சேர்ந்திருக்கும். டிஇஎம்-1-ஐப் பொறுத்தவரை சல்பாக்டாம் மிகவும் பலவீனமானது, டாசோபாக்டாம் கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈடானது. ஆனால் சல்பாக்டாமுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. ஐசியூக்களை ஆட்டிப்படைக்கும் அசினெட்டோபாக்டர் கிருமியின் பெனிசிலின் பிணைப்புப் புரதங்களையே அது நேராகப் பிடிக்கும். அங்கே அது தடுப்பான் அல்ல, கொல்லும் மருந்தே அதுதான். அதனால்தான் அந்தக் கிருமிக்கு ஆம்பிசிலின்-சல்பாக்டாம் கொடுக்கும்போது ஆம்பிசிலினைக் கணக்கில் எடுப்பதில்லை, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சல்பாக்டாம் போகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்தச் சல்பாக்டாமையும் ஓஎக்ஸ்ஏ-23 போன்ற நொதிகள் உடைக்கும் என்பதால், அதைக் காக்க டர்லோபாக்டாம் என்ற இன்னொரு தடுப்பானைச் சேர்த்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். தடுப்பானைக் காக்க ஒரு தடுப்பான்!

இந்த நொதிகளை ஆம்ப்ளர் வகைப்பாட்டில் ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ-யில் டிஇஎம், எஸ்எச்வி, சிடிஎக்ஸ்-எம், கேபிசி ஆகியவை வரும். சி என்பது ஆம்ப்-சி. டி என்பது ஓஎக்ஸ்ஏ குடும்பம். இந்த மூன்றும் செரினைக் கொண்டு வெட்டுபவை. பி மட்டும் வேறு சாதி. அதில் செரினே கிடையாது, துத்தநாகத்தைக் கொண்டு வெட்டும். என்டிஎம், விஐஎம், ஐஎம்பி மூன்றும் இதில் சேர்ந்தவை. கிளாவுலானிக் அமிலமும் டாசோபாக்டாமும் ஏ வகையின் பெரும்பகுதியை அடக்கும். ஆம்ப்-சி-யைக் கிளாவுலானிக் அமிலம் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கேபிசி ஏ வகையைச் சேர்ந்ததுதான், ஆனாலும் பழைய தடுப்பான்களை அது உடைத்துத் தள்ளிவிடும்.

2015-இல் செஃப்டாசிடிம் என்ற பீட்டா-லாக்டாம் மருந்தோடு சேர்ந்து வந்த அவிபாக்டாம் இந்தத் துறையின் பெரிய திருப்பம் என்பது என் எண்ணம். அதில் பீட்டா-லாக்டாம் வளையமே இல்லை. ஐந்தணு யூரியா வளையம் ஒன்று இருக்கிறது. நொதியின் செரின் தாக்கியதும் அது திறந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு கார்பமேட் வகை என்பதால் நீரால் வெட்டுவது கடினம். பிறகு நடப்பதுதான் அழகு. திறந்த வளையம் மறுபடி மூடிக்கொண்டு, அவிபாக்டாம் சேதமில்லாமல் முழு உருவத்தோடு வெளியே வருகிறது, வந்து இன்னொரு நொதியைப் பிடிக்கிறது. டிஇஎம்-1-இலிருந்து பாதி விடுபட ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். ஈ. கோலை வேகமாக வளரும்போது இரட்டிப்பதற்கு ஆகும் நேரத்தை நெருங்கும் அளவு அது. கிளாவுலானிக் அமிலம் ஒவ்வொரு முறையும் தன்னை இழக்கிறது, அவிபாக்டாம் பெரும்பாலும் இழப்பதில்லை. ஏ, சி இரண்டையும், டி-யில் ஓஎக்ஸ்ஏ-48-ஐயும் அது அடக்கும்.

வாபோர்பாக்டாம் வேறு தந்திரம். அதன் நடுவில் போரான் அணு இருக்கிறது. போரானுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை, செரினின் ஆக்சிஜன் வந்தால் உடனே சேர்த்துக்கொள்ளும். சேர்ந்ததும் தட்டையாக இருந்த போரான் நான்முக வடிவத்துக்கு மாறுகிறது. நொதி பெனிசிலினை வெட்டும்போது நடுவழியில் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைகிற வடிவம் அது. நொதியின் குழி முழுவதும் அந்த வடிவத்தை இறுகப் பிடிப்பதற்காகவே அமைந்தது என்பதால் விடாமல் பிடித்துக்கொள்கிறது. உடைப்பதற்கு அங்கே எந்தப் பிணைப்பும் இல்லை. கேபிசி நொதியில் இது மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும். ஓஎக்ஸ்ஏ-48-இடம் மட்டும் எடுபடாது. மெரோபெனம் என்ற கார்பபெனம் வகை மருந்தோடு சேர்ந்த மெரோபெனம்-வாபோர்பாக்டாம் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கேபிசி அதிகமுள்ள நாடுகளில் நல்ல மருந்து. என்டிஎம்-மும் ஓஎக்ஸ்ஏ-48 குடும்பமும் பரவியிருக்கும் இந்தியாவில் அதன் பயன் குறுகியது.

சென்னைக்கும் இந்த வரிசையில் ஒரு பங்கு உண்டு. டாசோபாக்டாமின் டிரையசோல் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் அந்த வளையத்துக்கு நேர்மின்சுமை வந்துவிடும், ஏற்கெனவே இருக்கும் எதிர்மின்சுமையோடு அது ஈடாகிவிடும். கிராம்-நெகட்டிவ் கிருமியின் வெளிச்சவ்வைக் கடக்க இது உதவுகிறது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த இந்த மூலக்கூறுதான் என்மெட்டாசோபாக்டாம். செஃபெபிமோடு சேர்ந்து 2024-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளையும் உடைக்கும் ஈஎஸ்பிஎல் நொதிகளுக்கு எதிரான மருந்து இது, என்டிஎம்-முக்கு அல்ல.

இனி என்டிஎம். இதன் வெட்டும் குழியில் இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கின்றன. ஒன்றை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன, மற்றொன்றை ஆஸ்பார்டிக் அமிலமும் சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பாலம்போல ஒரு ஹைட்ராக்சைடு. துத்தநாகம் பீட்டா-லாக்டாம் வளையத்தை இழுத்து நிறுத்த, ஹைட்ராக்சைடு நேராகப் பாய்ந்து உடைக்கிறது. மருந்து நொதியோடு ஒட்டுகிற கட்டமே இங்கே இல்லை. மேலே சொன்ன தடுப்பான்கள் எல்லாம் ஒட்டும் கட்டத்தில் செரினைப் பிடித்துக்கொண்டவை. பிடிக்கச் செரினே இல்லாத இடத்தில் அவை என்ன செய்யும்? அவிபாக்டாமும் தோற்கும், வாபோர்பாக்டாமும் தோற்கும். இவை மருந்தாகத் தரம் குறைந்தவை என்று இதற்குப் பொருளில்லை, பூட்டு வேறு.

துத்தநாகத்தையே பிடுங்கிவிடலாமே என்று தோன்றும். ஆய்வகத்தில் இடிடிஏ என்ற, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள் அதைத்தான் செய்கிறது. 2014-இல் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின்-ஏ என்ற பொருள் என்டிஎம்-மின் துத்தநாகத்தைக் கவர்ந்து, எலிகளில் மெரோபெனமுக்கு உயிர் கொடுத்ததாகக் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏசிஇ உட்பட மனித உடலின் எத்தனையோ நொதிகளுக்கும் துத்தநாகம் வேண்டும். கிருமியின் துத்தநாகத்தை மட்டும் தொடுகிற பொருளைத் தேடுவதுதான் கடினம். டானிபோர்பாக்டாம் என்ற போரான் தடுப்பான் இதை ஓரளவு சாதித்திருக்கிறது. செரினிடம் ஒருவிதமாகவும் துத்தநாகத்திடம் இன்னொரு விதமாகவும் பிடிப்பதால் ஏ, சி, டி வகைகளோடு என்டிஎம்-மையும் விஐஎம்-மையும் அடக்கும். ஐஎம்பி-யை அடக்காது, என்டிஎம்-மிலேயே என்டிஎம்-9 போன்ற மாறுபாடுகள் தப்பிவிடும்.

2008-இல் ஸ்வீடனில், அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்த ஒரு நோயாளியிடம் என்டிஎம்-1 முதலில் அகப்பட்டது. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் கூட்டாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் இந்த நொதி இருந்தது. பெயரில் டெல்லி இருப்பது குறித்து எழுந்த சர்ச்சை, பிளாஸ்மிட் என்ற சிறிய டிஎன்ஏ வளையத்தின் வழியே ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இந்த ஜீனின் வேகத்தைப் பற்றிய பேச்சை அமுக்கிவிட்டது என்பது என் ஆதங்கம்.

என்டிஎம்-முக்கு இப்போது கையில் இருக்கும் நல்ல வழி, அதை அடக்குவது அல்ல, சுற்றிப்போவது. ஆஸ்ட்ரியோனாம் என்ற பழைய மருந்தைத் துத்தநாக நொதிகளால் உடைக்கமுடியாது. ஆனால் என்டிஎம் உள்ள கிருமியில் பெரும்பாலும் சிடிஎக்ஸ்-எம்-மோ ஆம்ப்-சி-யோ கூடவே குடியிருக்கும், அவை ஆஸ்ட்ரியோனாமை உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டாம் கட்டிப்போட்டால் ஆஸ்ட்ரியோனாம் பிழைக்கும். அதனால் செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் 2.5 கிராமை 8 மணி நேரத்துக்கு ஒருமுறையும், ஆஸ்ட்ரியோனாம் 2 கிராமை 6 அல்லது 8 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கான அளவு இது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றவேண்டும் என்பது முக்கியம். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மதியத்திலும் ஏற்றினால், ஆஸ்ட்ரியோனாம் வரும்போது காவலுக்கு அவிபாக்டாம் போதிய அளவில் இருக்காது. இரண்டும் சேர்ந்த ஒரே மருந்தாக ஆஸ்ட்ரியோனாம்-அவிபாக்டாம் 2024-இல் ஐரோப்பாவிலும் 2025-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

இதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு, அதுவும் இந்திய ஈ. கோலையில் சாதாரணமாகக் காணப்படுவது. ஆஸ்ட்ரியோனாம் பிடிக்கவேண்டிய மூன்றாம் பெனிசிலின் பிணைப்புப் புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். மருந்தை எந்த நொதியும் உடைக்கவில்லை, ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்தின் வாசல் குறுகிவிட்டது. எந்தத் தடுப்பானாலும் இதைச் சரிசெய்யமுடியாது. எம்ஆர்எஸ்ஏ என்ற, மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்குக் கிளாவுலானிக் அமிலம் பயன்படாததற்கும் காரணம் இதே வகைதான். அங்கே சிக்கல் உடைக்கும் நொதி அல்ல, பீட்டா-லாக்டாம்களுக்குப் பிடிகொடுக்காத பிபிபி-2ஏ என்ற மாற்றுப் பெனிசிலின் பிணைப்புப் புரதம்.

ஆய்வகத்தில் எந்த நொதி என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அங்கேயும் தடுப்பானே கருவி. ஈஎஸ்பிஎல் உறுதிசெய்யும் சோதனையில், கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தரக் கலங்கலுக்குச் சமமாக உப்புநீரில் கலந்து முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் பூசுகிறார்கள். செஃபோடாக்சிம் 30 மைக்ரோகிராம் ஊறிய காகித வட்டு ஒன்று, அதே அளவோடு கிளாவுலானிக் அமிலம் 10 மைக்ரோகிராம் சேர்ந்த வட்டு ஒன்று. செஃப்டாசிடிமுக்கும் இப்படியே ஒரு ஜோடி. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து, கிருமி வளராத வட்டத்தை அளக்கவேண்டும். இரண்டு ஜோடிகளில் ஏதேனும் ஒன்றில் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வட்டைச் சுற்றிய வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் ஈஎஸ்பிஎல். தடுப்பான் நொதியை அடக்கியதால் மருந்து பிழைத்தது என்பதே அந்த 5 மில்லிமீட்டரின் பொருள்.

இது பிசகும் இடங்கள் உண்டு. கிருமியில் ஆம்ப்-சி-யும் இருந்தால், கிளாவுலானிக் அமிலம் ஈஎஸ்பிஎல்-ஐ அடக்கியும் ஆம்ப்-சி செஃபோடாக்சிமை உடைத்துக்கொண்டே இருக்கும், வித்தியாசம் தெரியாது. என்டரோபாக்டர் போன்றவற்றில் கிளாவுலானிக் அமிலமே ஆம்ப்-சி உற்பத்தியைத் தூண்டிவிடும். அப்போது ஆம்ப்-சி-க்கு எளிதில் மசியாத செஃபெபிமைக் கிளாவுலானிக் அமிலத்தோடும் இல்லாமலும் வைத்துப் பார்ப்பது உதவும். இன்னொன்று வட்டுகளின் பராமரிப்பு. கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் காற்றின் ஈரம் வட்டுகளில் படிந்து தடுப்பான் செத்துப்போகும், ஈஎஸ்பிஎல் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். ஆகவே முடிவு தெரிந்த தரக் கிருமிகளான கிளெப்சியெல்லா ஏடிசிசி 700603-ஐயும் ஈ. கோலை ஏடிசிசி 25922-ஐயும் கட்டுப்பாடாக வைக்காத சோதனையை நம்பக்கூடாது.

மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் கார்பபெனமேஸ் நொதி எந்த வகை என்று பார்க்க இடிடிஏ சோதனை. 2 மில்லிலிட்டர் டிரிப்டிக் சோய் வளர்ப்புக் குழம்பில் 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு கிருமியைக் கலந்து, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் வட்டைப் போட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். இன்னொரு குழாயில் இதோடு 0.5 மோலார் இடிடிஏ 20 மைக்ரோலிட்டர் சேர்ப்பார்கள். பிறகு வட்டுகளை எடுத்து, மெரோபெனமுக்குச் சாகும் ஈ. கோலை பூசிய தட்டில் வைப்பார்கள். முதல் வட்டில் மருந்து தீர்ந்துபோய், இடிடிஏ சேர்ந்த வட்டில் வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் துத்தநாக நொதி. என்டிஎம்-மோடு ஓஎக்ஸ்ஏ-48 போன்ற செரின் நொதியும் சேர்ந்திருந்தால் இது ஏமாற்றும். இடிடிஏ என்டிஎம்-மை நிறுத்தினாலும் மற்றது வெட்டிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் இந்த ஜோடி அரிதல்ல என்பதால், வசதியுள்ள இடங்களில் பிசிஆர் போன்ற ஜீன் சோதனையையோ, நொதியையே காட்டும் பட்டைச் சோதனையையோ கூடவே செய்வது நல்லது.

தட்டில் ‘சென்சிட்டிவ்’ என்று வந்தாலும் உடலில் தடுப்பான் தோற்கலாம் என்பதைக் காட்டியது 2018-இல் வெளியான மெரினோ ஆய்வு. செஃப்ட்ரியாக்சோனுக்கு மசியாத ஈ. கோலை அல்லது கிளெப்சியெல்லா ரத்தத்தில் கலந்த நோயாளிகளில், பிப்பராசிலின்-டாசோபாக்டாம் பெற்றவர்களில் 12.3 சதவீதம் பேரும் மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதம் பேரும் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். அந்தக் கிருமிகள் பலவற்றில் ஓஎக்ஸ்ஏ-1 கூடவே இருந்தது, டாசோபாக்டாம் அதைச் சரியாக அடக்காது. சில கிருமிகளின் முதல் சோதனை முடிவே சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. அதோடு, தட்டில் நாம் பூசும் கிருமியின் அடர்த்தி ஒன்று, சீழ்க்கட்டிக்குள் இருக்கும் அடர்த்தி வேறு. கிருமி கூடக்கூட நொதி கூடும், ஊசியில் போகும் 0.5 கிராம் டாசோபாக்டாம் மட்டும் அப்படியே இருக்கும். சிறுநீர்ப்பைத் தொற்றில் இந்த மருந்து நன்றாகவே கைகொடுப்பதற்கும் இதே கணக்குதான் காரணம். மருந்து சிறுநீரில் பன்மடங்கு செறிந்து வருகிறது.

இனி வீட்டில் கையாளும் மாத்திரைக்கு வருவோம். 625 என்பது அமாக்சிசிலின் 500 மில்லிகிராமும் கிளாவுலானிக் அமிலம் 125-ம். 375 என்பது 250-ம் 125-ம். ஆகவே 625 கிடைக்கவில்லை என்று இரண்டு 375 போட்டால் அமாக்சிசிலின் சரியாக இருக்கும், கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இந்தப் பங்கிலிருந்து வருவதுதான். சாப்பாட்டின் தொடக்கத்தில் மாத்திரையைப் போட்டால் அது குறையும், கிளாவுலானிக் அமிலம் குடலில் ஏறுவதும் மேம்படும். மஞ்சள்காமாலை அரிது, ஆனால் முதியவர்களில், அதிலும் ஆண்களில், மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம். அப்போது பழைய மருந்துச்சீட்டை மருத்துவரிடம் காட்டாவிட்டால் காரணம் பிடிபடாது.

குழந்தைகளின் டிரை சிரப்பில் 228.5 என்றால் 5 மில்லிலிட்டரில் அமாக்சிசிலின் 200, கிளாவுலானிக் அமிலம் 28.5. 457 என்றால் 400-ம் 57-ம். கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குறி வரை ஊற்றிக் குலுக்கி, குளிர்ப்பெட்டியில் கதவோரம் அல்லாமல் உள்தட்டில் வைத்து, லேபிளில் போட்ட நாளுக்குள் முடிக்கவேண்டும். பெரும்பாலும் 7 நாள். நீர் பட்டதும் முதலில் சிதைவது கிளாவுலானிக் அமிலம்தான். பழைய பாட்டிலில் அமாக்சிசிலின் மிஞ்சியிருக்கும், அதன் காவல்காரன் இருக்கமாட்டான். மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டுவைப்பதும் இதே காரணத்தால் தவறு.

ஜோடி சேர்ப்பதில் நேரப்பொருத்தமும் வேண்டும். அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம் இரண்டும் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம். சேர்ந்து வந்து சேர்ந்து போகின்றன. செஃப்டாசிடிமும் அவிபாக்டாமும் அப்படியே ஒத்துப்போகும். இங்கே விற்கும் செஃபிக்சிம்-கிளாவுலானிக் அமிலச் சேர்க்கையில் அந்தப் பொருத்தம் இல்லை. செஃபிக்சிம் பாதியாக 3 முதல் 4 மணி நேரம் ஆகும். காவல் முதலில் கிளம்பிவிட, மருந்து தனியாக நிற்கிறது. அந்தச் சேர்க்கையை எழுதுமுன் மருத்துவர்கள் இருமுறை யோசிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக, ரிப்போர்ட்டைப் படிக்கும்போது பெயர்களில் குழம்பவேண்டாம். இமிபெனமோடு சேர்ந்து வரும் சிலாஸ்டாடின் கிருமியின் நொதியைத் தொடுவதில்லை, நம் சிறுநீரகத்தின் நொதி இமிபெனமை உடைக்காமல் தடுப்பது அது. அதே மருந்தில் மூன்றாவதாக ரெலபாக்டாம் இருந்தால் அதுதான் கிருமிக்கு எதிரான தடுப்பான். ‘கேபிசி’ என்று வந்து, முன்பு செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் கொடுத்தும் நோய் திரும்பியிருந்தால், கிருமியை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். கேபிசி-யின் 179-ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் டைரோசினாக மாறினால் அந்த மருந்து தோற்றுவிடும், ஆனால் அதே மாற்றம் நொதியின் மெரோபெனம் உடைக்கும் திறனைக் குறைத்து, தட்டில் மெரோபெனம் மறுபடி ‘சென்சிட்டிவ்’ என்று வருவதுண்டு. அதை நம்பி மெரோபெனம் மட்டும் கொடுத்தால் கிருமி பழைய நொதிக்கே திரும்பிவிடக்கூடும். ‘என்டிஎம், ஓஎக்ஸ்ஏ-48’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால், செஃப்டாசிடிம்-அவிபாக்டாம் வட்டையும் ஆஸ்ட்ரியோனாம் வட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தீர்களா, நடுவில் வட்டங்கள் ஒன்றையொன்று நோக்கி விரிந்தனவா, அதாவது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று ஆய்வகத்தைக் கேட்கலாம்.